நாடா பட்டுச்சு

ஓர் ஊரின் பெயருக்காக என் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் பல்லை உடைத்திருக்கிறான். கதை விடவில்லை, பல் என் மேசைக்குக் கீழேதான் கிடந்தது. ஆரணி என்பது ஆரண்யம் என்பதிலிருந்து வந்தது, ஒரு காலத்தில் இங்கே எல்லாம் காடு என்றான் ஒருவன். அதெல்லாம் இல்லை, ஆறு அணியாக ஓடுகிற ஊர், அதனால் ஆரணி என்றான் மற்றவன். “உங்க தாத்தன் பார்த்துகினு இருந்தானா காட்ட?” என்று ஆரம்பித்த பேச்சு, தாத்தனைத் தாண்டி அம்மா வரைக்கும் போனதும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் பறந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இரண்டு பேரையும் பிரித்தவள் நான்தான். ஆளுக்கொன்று முதுகில் வைத்தேன். “ரெண்டையும் சொல்றாங்கடா, ரெண்டுக்கும் கெட்டியான ஆதாரம் கிடையாது. பரீட்சையில எது குடுத்திருக்கோ அதை எழுதிட்டு வாங்க. என் உயிரை வாங்காதீங்க” என்று நான் போட்ட சத்தத்தில் கீழே இருந்த செல்போன் கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவர் கடைக்கு மேலேதான் எங்கள் கோச்சிங் சென்டர். அரசாங்கப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு நான் பொது அறிவு நடத்துகிறேன். தெள்ளாரிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் முதல் சம்பளக்காரர் ஆகிவிட வேண்டும் என்ற வெறியோடு படிக்கிற பிள்ளைகள். வரலாறு, புவியியல் எல்லாம் நடத்துவேன், ஆனால் எனக்கு ருசி பெயர்க் காரணத்தில்தான். எதற்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர். பேஜார் என்கிறோமே, அது பாரசீகத்தில் சலிப்பு. ஜல்தி இந்துஸ்தானி. எல்லாம் ஆற்காட்டு நவாபு காலத்தில் சிப்பாயோடும் வரிக்காரனோடும் வந்து நம் வாயில் குடியேறியவை. பேமானி என்றால் நேர்மை கெட்டவன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் வருவது அதுதான். அர்த்தம் தெரிந்து திட்டுவதில் தனி சுகம் இருக்கிறது.

பெயரைத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஜவுளிக்கடைக்காரர் மயில்கழுத்து நிறத்துப் புடவையை வெறும் நீலம் என்று சொன்னாலே சண்டைக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “சேத்துப்பட்டுல பட்டுக்கு இன்னா மிஸ் வேல? அங்க யாரும் பட்டு நெய்யறதில்லியே” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கரும்பலகையில் ‘பட்டு’ என்று எழுதி விளக்கினேன். ஒன்று, நாம் நெய்கிற பட்டு. இன்னொன்று, ஊர்ப் பெயரில் வருகிற பட்டு. அது ‘பற்று’ என்பதன் திரிபு, இன்னாருக்குச் சேர்ந்த நிலம், குடியிருப்பு என்று அர்த்தம் என்பார்கள். மூன்றாவது, ‘படு’ என்ற வினையிலிருந்து வருவது. அடி பட்டு, காயம் பட்டு, கஷ்டப் பட்டு. “ஆரணியில மூணு பட்டும் கிடைக்கும்” என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தங்கச்சிக்கு அப்போது கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

தங்கச்சியை உள்ளூரிலேயேதான் கொடுத்தோம். நாங்களும் தறி வீடு, அவர்களும் தறி வீடு. வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. ஒன்றில் அவன், ஒன்றில் அவள். அவனைப் பற்றித் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது. குரல் உயராது. பெரியவர்கள் வந்தால் தறியை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன், நாசமாய்ப் போக.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். பழைய காலத்து வழக்கம், இப்போது எந்த வீட்டில் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் பார்த்தார்கள். மாமியார்க்காரி தன் புருஷன் செத்து இத்தனை வருஷமாகியும் அவர் பெயரை வாயில் கொண்டுவரவில்லை. இனி எந்த ஆயுசைக் காப்பாற்றுகிறாள் என்று கேட்டால் முறைப்பாள். என் தங்கச்சியும் கல்யாணமான நாளிலிருந்து ‘மாமா’, ‘அவரு’, ‘எங்க வூட்டுக்காரரு’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். போனில்கூட ‘வூட்டுக்காரர்’ என்றுதான் போட்டு வைத்திருந்தாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் மாமியார் முகத்தைப் பார்ப்பாள், மாமியார் சொல்வாள்.

பேங்கில் கணக்கு ஆரம்பிக்கத் தனியாகப் போனபோதுதான் வந்தது வினை. “ஹஸ்பெண்டு பேரு?” என்று கேட்டிருக்கிறார் அங்கே இருந்தவர். இவள் நெளிந்திருக்கிறாள். “சாமி பேருங்க.” “எந்த சாமிம்மா?” சுவரில் ஒரு காலண்டர் தொங்கியதாம். அண்ணன் தம்பி இரண்டு சாமியும் சேர்ந்து நிற்கிற படம். இவள் வேல் வைத்திருக்கிற தம்பியைக் கைகாட்டியிருக்கிறாள். அந்த மனுஷர் யானை முகத்து அண்ணன் பெயரை எழுதிவிட்டார். பாஸ்புக் கைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, என் தங்கச்சிக்கு வேறொரு புருஷன்.

சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் வீட்டிலும் சிரித்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “புதுப் புருஷன் எப்படிடி, தொந்தி பெருசா?” என்று கேட்டாளாம். அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தானாம். பிறகு எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. உதட்டோரம் கிழிந்திருந்தது.

“இன்னாடி இது?”

“நாடா பட்டுச்சுக்கா.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நாடா என்றால் தறியில் ஓடுகிற கட்டை. கை நீளம்கூட இருக்காது, படகு மாதிரி குடைந்திருக்கும், உள்ளே நூல் சுற்றிய குச்சி, இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு. நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு நடுவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். சமயத்தில் தடம் மாறிப் பறக்கும், அது உண்மை. ஆனால் பறந்தால் பக்கவாட்டில்தான் பறக்கும். பக்கத்தில் நிற்கிறவர் விலாவில் படும், முழங்கையில் படும். நெய்கிறவள் முகத்துக்கு நேரே எழும்பி வர நாடாவுக்கு இறக்கை கிடையாது. நானும் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு வளர்ந்தவள். என்னிடமா?

“யார்கிட்டடி கதை விடற?” என்று கத்தினேன். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். காபி ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த நாடா அடிக்கடி பறந்தது. தோளில் பட்டது, முதுகில் பட்டது, ஒருமுறை தொடையில் பட்டது. கட்டிய புடவைக்கு உள்ளே இருக்கிற தொடையில் எப்படியடி படும் என்று கேட்டேன். “பட்டுச்சு, அவ்ளோதான்” என்றாள். கொஞ்சம் விசாரித்த பிறகுதான் எனக்கே புரிந்தது, இது அவளாகக் கண்டுபிடித்த பொய் இல்லை, அந்தத் தெருவில் நெடுநாளாகப் புழங்குகிற பெயர். மற்ற ஊர்களில் அடி வாங்கியவள் மாடிப்படியில் விழுந்தேன் என்பாள். அந்தத் தெருவில் மாடி கிடையாது. அதனால் நாடா. மாமியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த மாமியாருக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

தெருக்குழாயில் இன்னும் கேவலம். பட்டு நிறத்துக்கெல்லாம் பெயர் வைத்த ஊர் அல்லவா? அடிபட்ட தோலும் நிறம் மாறும். முதலில் அரக்கு, பிறகு கத்திரிப்பூ, வாரம் போனால் பாசிப்பச்சை, கடைசியில் மாம்பழ மஞ்சள். நான் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தபோது குழாயடியில் ஒருத்தி அவளைப் பார்த்து, “இன்னாடி, இன்னிக்கு கத்திரிப்பூவா? பார்டர் மட்டும்தானா, முந்தானையும் உண்டா?” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கேட்டவளின் கழுத்தோரத்தில் மாம்பழ மஞ்சள் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவள் குடத்தை எட்டி உதைத்தேன், அது உருண்டு சாக்கடையில் விழுந்தது. “உன் வாயில புத்து வைக்க!” என்று கத்தினேன். தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அப்படியே நேராக அவன் வீட்டுக்குள் போனேன். அவன் நெய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, “வாங்கக்கா, உக்காருங்க, காபி போடச் சொல்லட்டா?” என்றான். நான் உட்காரவில்லை.

“நாடா பறக்குதாமே உங்க வூட்டுல?”

“ஆமாக்கா. பழைய தறி. மாத்தணும்.”

“அது எப்படி மாப்ள, உங்க மேல ஒருநாளும் பட மாட்டேங்குது?”

அவன் சிரித்தான். “உங்களுக்குத் தெரியாததா? நாடா எங்க போவும்னு யாராவது சொல்ல முடியுமா?”

“பேமானி” என்றேன். முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் அசரவில்லை. மாமியார்க்காரி உள்ளே இருந்து ஓடி வந்து, “ஏம்மா, படிச்ச பொண்ணு, சம்பந்தி வூட்டுல வந்து பேசற பேச்சா இது?” என்றாள். அவன், “வுடும்மா, அக்காதானே” என்றான். தங்கச்சி என் காலில் விழாத குறையாக, “போக்கா, தயவு செஞ்சு போ” என்று வாசலுக்குத் தள்ளினாள். நான் திட்டிய திட்டுக்குக் கூலி அன்றைக்கே அவளுக்குக் கிடைத்தது. இந்த முறை விலா. மூச்சு விட்டால் வலிக்கிறது என்று போனில் சொன்னாள். “நீ இங்க வராதக்கா. நீ வந்துட்டுப் போனா எனக்குத்தான் பேஜாரு” என்றாள்.

அன்று இரவெல்லாம் அழுதேன். கோபத்தில் அழுதது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் போலீஸ் நல்லவர்தான், உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, “அவங்களே வந்து சொல்லணும்ங்க. நாங்க போய் கேட்டா நாடா பட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நாடாவையா ஸ்டேஷனுக்கு இட்டுகினு வர முடியும்?” என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. திரும்பி நடந்து வரும்போதுதான் அந்த வாக்கியத்தை முழுசாக யோசித்தேன். சொல் சொல்லாகப் பிரித்து நடத்துகிறவள், எனக்கே இத்தனை நாள் உறைக்கவில்லை. அடித்தான் என்று சொன்னால் அடித்தவன் ஒருவன் வேண்டும். பட்டுச்சு என்றால் யாரும் வேண்டாம். ஆளே இல்லாமல் நடந்து முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவன் ஒளிந்துகொண்டிருந்தான், எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருந்தார்களோ. அவள் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் அவனை யாரும் தொட முடியாது. ஒருநாள் அவளைப் பிணமாகத் தூக்கி வந்து போட்டு, நாடா பட்டுச்சு என்று அழுவார்கள். இதை நினைத்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

போன வருஷம் மழைக்காலத்தில், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது குழாயடியில் நான் குடத்தை உதைத்தேனே, அதே பெண். “அக்கா, ஜல்தி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க தங்கச்சியத் தூக்கிகினு போயிருக்காங்க. தரையெல்லாம் ரத்தம்க்கா” என்றாள். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நடந்தது இதுதான், பிறகு தெரிந்துகொண்டது. அவள் தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது. அவ்வளவுதான். நூல் அறுவது தறியில் தினமும் நடக்கிறது, முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. அவன் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த நாடாவைப் பிடுங்கி, அந்த இரும்பு மூக்கால் அவள் வலது கண்ணுக்கு மேலே ஓங்கி இறக்கியிருக்கிறான். முதல்முறையாக அன்றைக்குத்தான் நிஜமாகவே நாடா பட்டது. ஊரில் எல்லாப் பெயருக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவேன் நான். அந்த அடிக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணின் மேல் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள், துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார்க்காரி அவள் காதில், “நாடா பட்டுச்சுன்னு சொல்லு, வேற ஒண்ணும் பேசாத” என்று மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டிருந்தாள். அவன் இல்லை. டீ வாங்கப் போயிருக்கிறானாம். பெண்டாட்டி கண்ணைக் கிழித்துவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறான், தங்கமான மனுஷன்! மாமியாரின் தோளைப் பிடித்து நெட்டித் தள்ளிவிட்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். தெற்கே எங்கேயோ சொந்த ஊர், பேச்சிலேயே தெரிந்தது. ஆரணிக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. துண்டை விலக்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

“என்னம்மா ஆச்சு?”

“நாடா பட்டுச்சுங்க” என்றாள் தங்கச்சி.

“நாடாவா?” டாக்டர் நிமிர்ந்தார். “பாவாடை நாடாவா?”

பாவாடையில் கோர்க்கிற கயிறுக்கும் நாடா என்றுதான் பெயர், தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறா, எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கே நிச்சயமாகத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நாடா பட்டுச்சு என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை; தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை.

“துணிக் கயிறு பட்டு எலும்பு தெரியற அளவுக்குக் கிழியுமாம்மா? விளையாடுறீங்களா?”

“அது வந்து டாக்டர்” என்று நான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். டாக்டர் கையைக் காட்டினார். “நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும். நாடான்னா என்னம்மா?”

தங்கச்சி கையால் அளவு காட்டினாள். “கட்டைங்க. தறியில ஓடும். ரெண்டு பக்கமும் இரும்பு மூக்கு இருக்கும்.”

“சரி. தறியில ஓடுறது உங்க கண்ணுக்கு எப்படி வந்துச்சு?”

“பறந்து...” என்றாள். நிறுத்தினாள்.

“பறந்து வந்துச்சா?”

“பறந்து வரலிங்க.”

“அப்புறம் எப்படி வந்துச்சு?”

“கையிலருந்து வந்துச்சு.”

“யார் கையில இருந்து?”

மாமியார்க்காரி பெஞ்சைச் சுற்றி முன்னால் வந்தாள். “டாக்டரம்மா, அதுக்கு மயக்கமா இருக்குது, இன்னா பேசறோம்னு தெரியாம பேசிகினு இருக்குது.” டாக்டர் அவளைப் பார்க்கவேயில்லை. பஞ்சை அழுத்தியபடியே மறுபடி கேட்டார். “யார் கையில இருந்தும்மா வந்துச்சு?”

“அவரு கையிலருந்து.”

“அவருன்னா?”

“எங்க வூட்டுக்காரரு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நர்ஸிடம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கிற அவுட்போஸ்ட் போலீஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தார்.

“அவர் பேரு?”

தங்கச்சி பழக்கத்தில் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார்க்காரி பதறி, “அது சொல்லக் கூடாது, எங்க வூட்டு வழக்கம், நான் சொல்றேன்” என்றாள். “நீங்க சும்மா இருங்க” என்றார் டாக்டர். “நான் இவங்களைத்தான் கேக்கறேன். உங்களை அடிச்சவர் பேரு என்னம்மா?”

அந்த நேரத்தில்தான் அவன் உள்ளே வந்தான். கையில் டீ ஃபிளாஸ்க், விரல்களில் காகிதக் கோப்பைகள். எங்களுக்குப் பின்னால் நின்று, அதே மெதுவான குரலில், “இன்னா, தையல் போட்டாச்சா?” என்று கேட்டான்.

அவள் திரும்பினாள். ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் அவனைப் பார்த்து, அவன் பெயரைச் சொன்னாள். முணுமுணுக்கவில்லை. தெருவில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, ‘ரு’ இல்லாமல், ‘ங்க’ இல்லாமல், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஆங்?” என்றான் அவன். பெயர் கேட்டால் மனுஷன் பதில் சொல்லிவிடுவான், அது உடம்பில் ஊறிய பழக்கம். சொன்ன பிறகுதான் கூப்பிட்டது யார் என்று அவனுக்கு உறைத்தது. முகத்திலிருந்த தங்கம் அத்தனையும் ஒரே நொடியில் உதிர்ந்துவிட்டது.

“புருஷன் பேரச் சொல்லியாடி கூப்புடற?”

ஃபிளாஸ்க் தரையில் விழுந்து, உள்ளே கண்ணாடி நொறுங்கியது. முதலில் விழுந்தது அறை. கை விரித்து, கன்னத்தில். இரண்டாவது குத்து, கை மூடி, வாயில். அவள் பெஞ்சிலிருந்து சரிந்ததும் விழுந்தது உதை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இருக்கிறது, டாக்டரும் நர்ஸும் ஊசிக்கு வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தார்கள். அங்கே தறி இல்லை. நான் கீழே கிடந்த ஃபிளாஸ்கை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். கண்ணாடித் தூளும் சூடான டீயும் அவன் கழுத்தில் இறங்கின. எனக்கு அப்போதும் வருத்தமில்லை, இப்போதும் வருத்தமில்லை. அதற்குள் வாட்ச்மேனும் இரண்டு ஆட்டோக்காரர்களும் அவன் கையை முறுக்கிச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டார்கள். “வுடுங்கடா, என் பொண்டாட்டிடா” என்று அலறினான். அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் கண்ணை வேலூருக்குக் கொண்டுபோயும் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. தங்கச்சி என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று நடந்ததைத்தான். அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். வாயெல்லாம் ரத்தம். அவுட்போஸ்ட் போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றார். டாக்டரின் கோட்டெல்லாம் டீ தெறித்திருந்தது, பாவம், சின்னப் பெண். இருந்தாலும் பேனாவை விடவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்” என்றார். தங்கச்சி மறுபடி சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக. சுவரோரத்தில் அவன், “சொல்லாதடி, சொல்லாதடி” என்று கெஞ்சினான். மாமியார்க்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இனிஷியல்?” என்று கேட்டார் டாக்டர்.

அது மாமனாரின் பெயர், மாமியார் இத்தனை வருஷமாக வாயில் கொண்டுவராத பெயர். ஓர் எழுத்துச் சொன்னால் போதும். தங்கச்சி ரத்தத்தைத் துப்பிவிட்டு, மாமியாரின் முகத்தைப் பார்த்தபடி, முழுப் பெயரையும் சொன்னாள்.